வண்டிப்பாதையைத் தேட அரசின் நில ஆவண இணையச் சேவை எவ்வளவு உதவும்?

ஊர்ப் பாதையைக் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டார்கள் என்று தாலுகா அலுவலகத்தில் போய் நின்றால் முதலில் வரும் கேள்வி, 'சர்வே நம்பர் என்ன?' என்பதுதான். அது கையில் இல்லாதவரின் மனு அன்றைக்கே பாதி செத்துவிடும். 'காலங்காலமா நடந்த வழி சார்' என்ற வாக்கியத்தை வைத்து எந்த அதிகாரியும் கோப்பு தொடங்க மாட்டார். எண், வகைப்பாடு, பரப்பு, வரைபடம் ஆகிய நான்கையும் வீட்டில் உட்கார்ந்தபடியே, காசு செலவில்லாமல் எடுக்க வழி செய்திருப்பது தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' நில ஆவண இணையச் சேவை. பட்டா, சிட்டா எடுக்க இதைப் பலர் பயன்படுத்துகிறார்கள். பொதுப் பாதை, கடற்கரைக்குப் போகும் சந்து, மேய்ச்சல் தரை, ஏரிக்கரை வழி ஆகியவற்றைக் காப்பாற்ற அது எந்த அளவுக்குப் பயன்படும் என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறோம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பதிவேட்டில் ஏறிய பாதையைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இப்போதைக்கு இல்லை. ஆனால் இது நிலம் வைத்திருப்பவருக்காகக் கட்டப்பட்டது, வழி நடப்பவருக்காக அல்ல. அதனால் பாதையைத் தேடுபவர் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. திருப்போரூர், செய்யூர், ஊத்துக்கோட்டை, பொன்னேரி பக்கம் பண்ணை நிலமோ மனையோ பார்த்துக்கொண்டிருக்கும் சென்னைவாசிகள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இந்தச் சுற்று வழியைக் கட்டாயம் போய்ப் பார்த்துவிட வேண்டும். வாங்கும் நிலத்துக்கு வழி இருக்கிறதா என்பதும், வாங்கும் நிலத்துக்குள் ஊரார் வழி ஓடுகிறதா என்பதும், பதிவேட்டில் ஏறியிருந்தால் இரண்டும் இதில் தெரியும்.

முதல் தடுமாற்றம் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்திலேயே வந்துவிடும். 2018-இல் சென்னை மாவட்டம் விரிந்தபோது சோழிங்கநல்லூர், ஆலந்தூர், அம்பத்தூர், மாதவரம் எல்லாம் அதற்குள் வந்தன. 2019-இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய பத்திரத்தில் 'காஞ்சிபுரம் மாவட்டம்' என்று இருப்பதைப் பார்த்து அங்கே தேடினால் கிராமமே வராது. ஈஞ்சம்பாக்கத்தைச் சென்னை மாவட்டத்தில் சோழிங்கநல்லூர் வட்டத்தில் தேட வேண்டும். மகாபலிபுரம் செங்கல்பட்டில் திருக்கழுக்குன்றம் வட்டத்தில் இருக்கிறது. கிராமம் வரவில்லை என்றால் சேவை பழுது என்று நினைக்காமல், இன்றைய வட்டம் எது என்பதை முதலில் சரிபாருங்கள்.

அடுத்தது ஊரகமா, நகரமா, நத்தமா என்ற தேர்வு. நகர அளவை முடிந்த பகுதிகளில் பழைய சர்வே எண் வேலை செய்யாது. அங்கே வார்டு, பிளாக், நகர அளவை எண் மூன்றும் வேண்டும். வீடுகள் இருக்கும் கிராம நத்தத்துக்குத் தனிப் பதிவேடு. ஊருக்குள் இருக்கும் தெருச்சந்தை ஊரகப் பதிவேட்டில் தேடினால் கிடைக்காமல் போவதற்கு இதுவே காரணம். கைபேசிக்கு வரும் ஓடிபியைப் போட்ட பிறகுதான் விவரம் திறக்கும். வேலை நாள் முற்பகலில் சர்வர் திணறுவது வழக்கம். அதிகாலையிலோ இரவிலோ முயன்றால் நிம்மதி.

சர்வே எண்ணே தெரியாதவர்கள் தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பின் வரைபடப் பக்கத்திலிருந்து தொடங்கலாம். செயற்கைக்கோள் படத்தின் மேல் புல எல்லைகள் கோடுகளாக விழும், பாதை இருக்கும் இடத்தைத் தொட்டால் எண் வரும். அந்தக் கோடுகளை எல்லை என்று நம்பிச் சண்டைக்குப் போகக் கூடாது. கையால் வரைந்த பழைய புலப்படங்களை இலக்கமாக்கிப் படத்தின் மேல் பொருத்தியிருப்பதால் சில மீட்டர் நகர்ந்து கிடப்பது சகஜம். பாதையின் அகலமே அந்தச் சில மீட்டர்தான். எண்ணைத் தெரிந்துகொள்ள மட்டும் அதை வைத்துக்கொண்டு, உடனே பதிவேட்டுக்கு வந்துவிடுங்கள்.

சேவையிலேயே மிகவும் பயனுள்ள பகுதி அ-பதிவேடு. பலர் சிட்டாவோடு நின்றுவிடுகிறார்கள், அது போதாது. சிட்டா பட்டாதாரரைச் சொல்லும். அ-பதிவேடு நிலத்தைச் சொல்லும். புல எண்ணும் (சர்வே நம்பர்தான்) உட்பிரிவும் கொடுத்தால் பழைய புல எண், ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலமா) அரசு நிலமா, நன்செயா புன்செயா புறம்போக்கா, பரப்பு, தீர்வை என்ற நில வரி, குறிப்பு என்று வரிசையாக வரும். பாதையாக இருந்தால் பட்டா எண்ணும் தீர்வையும் இருக்காது. வகைப்பாட்டிலோ குறிப்பிலோ 'வண்டிப்பாதை', 'பாதை', 'பாட்டை', 'சாலை' என்று இருக்கும். 'ஓடை', 'வாய்க்கால்', 'ஏரி உள்வாய்', 'மேய்க்கால்', 'களம்', 'தோப்பு', 'சுடுகாடு' எல்லாம் இதே மாதிரிதான் பதிவாகியிருக்கும். புறம்போக்கு நிலத்தைச் சரிபார்க்கும் தனிப் பகுதியும் உண்டு. மனை விற்பவர் 'இது புறம்போக்கு இல்லை' என்று சொல்லும் இடத்திலேயே கைபேசியில் போட்டுப் பார்த்துவிடலாம்.

பரப்பைப் படிக்கும் விதம் தெரிந்தால் பாதையின் அகலத்தையே கண்டுபிடிக்கலாம். பதிவேட்டில் 0.12.50 என்று இருந்தால் பூஜ்யம் ஹெக்டேர், 12.50 ஏர்ஸ் என்று பொருள். ஓர் ஏர்ஸ் 100 சதுர மீட்டர், ஏறக்குறைய 2.47 சென்ட். ஆக 1,250 சதுர மீட்டர். செயற்கைக்கோள் படத்தில் அந்தப் பாதையின் நீளத்தை அளந்தால் 250 மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பரப்பை நீளத்தால் வகுத்தால் 5 மீட்டர். பதிவேட்டின்படி அந்தப் பாதை சராசரியாக 5 மீட்டர் அகலம் இருந்தாக வேண்டும். நேரில் இரண்டரை மீட்டர்தான் இருக்கிறது என்றால் மீதி இரண்டு பக்க வயல்களிலும் கரைந்திருக்கிறது. வருடத்துக்கு ஒரு கலப்பை அகலம் வரப்பைச் சாய்த்துச் சாய்த்தே இப்படி ஆகும். வேலி போட்டு அடைப்பவர் கண்ணில் படுவார், இது படாது. அதனால்தான் 'பாதை இருக்கத்தானே செய்கிறது' என்ற பதிலை ஏற்கக் கூடாது. எத்தனை மீட்டர் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

எஃப்எம்பி என்று எல்லோரும் சொல்லும் புலப்படம் பிடிஎஃப் கோப்பாக வரும். இங்கே இரண்டு எச்சரிக்கை. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற அமைப்பு இருந்தால் அளவுத்திட்டம் மாறிவிடும், அதன் மேல் ஸ்கேல் வைத்து அளந்தால் தப்பாகத்தான் வரும். கோட்டின் மேல் எழுதியிருக்கும் எண்களை மட்டுமே நம்புங்கள். அந்த எண்கள் மீட்டரிலா, பழைய சங்கிலி லிங்க்ஸிலா என்பதையும் பாருங்கள். ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க்ஸ், ஒரு லிங்க் சுமார் 20 சென்டிமீட்டர். 25 என்று எழுதியிருப்பதை 25 மீட்டர் என்று படித்து, 5 மீட்டர் பாதைக்கு 25 மீட்டர் கேட்டு மனு போட்டால் உண்மையான புகாருக்கும் மரியாதை போய்விடும்.

பாதை எண்ணுக்கே புலப்படம் திறக்காவிட்டால் அக்கம்பக்கத்துப் பட்டா எண்களின் படங்களை எடுங்கள். ஒவ்வொரு புலப்படத்தின் விளிம்பிலும் அடுத்த புலத்தின் எண் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டு பக்கப் படங்களையும் சேர்த்து வைத்தால் நடுவில் இருக்கும் பாதையின் வடிவம் தானாகத் தெரியும். கிராமத்தின் மொத்த வரைபடம் இந்தத் தேடலில் கிடைக்காது. அதைச் சேப்பாக்கத்தில் இருக்கும் நில அளவைத் துறை அலுவலகத்தில் விண்ணப்பித்து வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது கிராம வரைபடத்தில்தான் ஒரே பார்வையில் விளங்கும். பக்கத்துக் கிராமத்துக்குள் நுழைந்ததும் அதே பாதை வேறு எண்ணில் தொடரும்.

படத்தில் பாதை எப்படி வரையப்பட்டிருக்கிறது என்பதில்தான் சட்டமே இருக்கிறது. தனக்கென்று புல எண்ணோ உட்பிரிவோ உள்ள பாதை அரசுப் புறம்போக்கு. அதில் யாருக்கும் தனி உரிமை கிடையாது. பட்டா நிலத்துக்குள் இரட்டைப் புள்ளிக்கோடாக மட்டும் ஓடும் பாதை வேறு. அளவை செய்த நாளில் அங்கே வழி இருந்தது என்பதற்கு அது சாட்சி, ஆனால் மண் பட்டாதாரருடையது. அங்கே புறம்போக்கு ஆக்கிரமிப்பு என்று மனு கொடுத்தால் தாசில்தார் சரியாகவே தள்ளுபடி செய்வார். மூன்றாவது வகைக்குப் படத்தில் கோடே இருக்காது, கால்தடம் மட்டும்தான்.

பின்னிரண்டு வகைக்கும் துணை 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம். 20 ஆண்டுகள் அமைதியாக, வெளிப்படையாக, உரிமையாகக் கருதி, இடைவிடாமல் பயன்படுத்திய வழிக்கு அதன் 15-ஆம் பிரிவு உரிமை தருகிறது. அரசு நிலத்தின் மேல் என்றால் 30 ஆண்டுகள். அந்தக் காலம் வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பாதையை அடைத்த பிறகு 'பேசிப் பார்ப்போம்' என்று மூன்று வருடம் ஓட்டிவிட்டால் உரிமையே ஆட்டம் கண்டுவிடும். ஒரே நிலத்தைப் பாகம் பிரித்து விற்றதில் ஒரு துண்டுக்கு வழியே இல்லாமல் போனால் 13-ஆம் பிரிவின் அவசிய வழி உண்டு. வேறு வழி கிடைத்ததும் அந்த உரிமை போய்விடும். இந்த உரிமைகள் எதையும் நில ஆவணச் சேவை காட்டாது. அவை விற்பனைப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் 'மாமூல் வழிநடை பாத்தியம்', 'வண்டி வாகனங்கள் போய்வரும் பாத்தியம்' என்று ஒளிந்திருக்கும். அதற்குப் பதிவுத் துறையில் வில்லங்கம் போட்டு, பழைய பத்திர நகலை எடுத்துப் படிக்க வேண்டும்.

புறம்போக்குப் பாதை என்று உறுதியானால் சட்டம் நம் பக்கம் உறுதியாகவே இருக்கிறது. 1905-ஆம் ஆண்டு தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின் 2-ஆம் பிரிவு பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை, ஆறு, ஓடை, ஏரி, உயர் அலைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் கடல் படுகை எல்லாவற்றையும் அரசின் சொத்து என்கிறது. 5-ஆம் பிரிவின் தண்டத்தொகையைக் கேட்டால் மனம் சோர்ந்துபோகும். தீர்வை விதிக்கப்படாத நிலத்துக்கு 10 ரூபாய், அல்லது ஓராண்டுத் தீர்வையின் இருபது மடங்கு, எது அதிகமோ அதுவே உச்சம். நூறு வருடத்துக்கு முந்தைய தொகை, இன்று யாரையும் பயமுறுத்தாது. சட்டத்தின் பல் இருப்பது 6-ஆம் பிரிவில். வெளியேற்றலாம், பயிரையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்கலாம்.

வெளியேற்றும் முன் 7-ஆம் பிரிவின் கீழ் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். புகார்கள் அதிகமாகத் தோற்பது இங்கேதான். அவசரத்தில் 7-ஐத் தாண்டி நேராக 6-க்குப் போனாலோ, நோட்டீஸில் புல எண்ணும் ஆக்கிரமித்த பரப்பும் சரியாக இல்லாவிட்டாலோ உயர் நீதிமன்றத்தில் அந்த ஆணை நிற்காது. ஆக்கிரமித்தவருக்கு இன்னும் சில வருடம் கிடைத்துவிடும். அதனால் புகார் கொடுத்தவர் 'எப்போது இடிப்பீர்கள்' என்று கேட்பதைவிட, '7-ஆம் பிரிவு நோட்டீஸ் எந்தத் தேதியில் சார்பு செய்யப்பட்டது' என்று கேட்பதுதான் பலன் தரும். ஆக்கிரமிப்பு மனுக்களை விசாரிக்கவென்றே வருவாய்த் துறையின் 4.12.2014 தேதியிட்ட அரசாணை 540 இருக்கிறது. மனுவில் அதைக் குறிப்பிடுங்கள்.

'என்கிட்ட பி மெமோ இருக்கு, வரி கட்டுறேன்' என்று ஆக்கிரமித்தவர் காகிதம் காட்டுவார். பி மெமோ என்பது அரசு நிலத்தில் அவர் அத்துமீறி இருக்கிறார் என்று அரசே எழுதி வைத்த குறிப்பு. உரிமைக்கு அது ஆதாரம் ஆகாது, நம் புகாருக்குத்தான் ஆதாரம். அதன் நகலைக் கேட்டு வாங்கி மனுவோடு இணைப்பது நல்லது. பாதை, நீர்நிலை எல்லாம் ஆட்சேபணையுள்ள புறம்போக்கு, அவற்றில் இருக்கும் ஆக்கிரமிப்பை வரன்முறை செய்து பட்டா கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை.

உடனடித் தீர்வு வேண்டுமென்றால் இன்னொரு கதவு கோட்டாட்சியர். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்படி, பொதுவழியில் இருக்கும் சட்டவிரோதத் தடையை அகற்றச் சொல்லி நிர்வாக நடுவர் நிபந்தனை ஆணை போடலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவுதான் இது. முறைப்படி போட்ட ஆணையை எந்த உரிமையியல் நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது. எதிராளி வந்து 'இது பொதுவழியே இல்லை' என்று மறுத்தால் 156-ஆம் பிரிவின்படி நடுவர் முதலில் அதை விசாரிப்பார். மறுப்புக்கு நம்பத்தக்க ஆதாரம் இருந்தால் உரிமையியல் நீதிமன்றம் முடிவு சொல்லும் வரை எல்லாம் நின்றுவிடும். அ-பதிவேட்டு நகலின் மதிப்பு இந்த இடத்தில் தெரியும். 'வண்டிப்பாதை' என்று அரசுப் பதிவேடே சொல்லும்போது வெறும் வாய்மறுப்பு எடுபடாது. பொதுவழியைப் பற்றியதாக இல்லாமல், இரண்டு தரப்புக்கு இடையே வழி அல்லது தண்ணீரைப் பயன்படுத்தும் உரிமைச் சண்டையாக இருந்து அமைதி கெடும் நிலை வந்தால் பொருந்துவது 166-ஆம் பிரிவு. இரண்டையும் குழப்பி மனு எழுதாதீர்கள்.

தண்டனைகள், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கின்றன. பொதுவழியில் தடை ஏற்படுத்தினால் 285-ஆம் பிரிவின் கீழ் 5,000 ரூபாய் வரை அபராதம். பழைய சட்டத்தில் இது வெறும் 200 ரூபாய். ஒருவரை அவர் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் மறித்தால் 126-ஆம் பிரிவு: ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதில் ஒரு விலக்கு இருக்கிறது. தனியார் வழியை, தனக்கு மறிக்க உரிமை இருக்கிறது என்று நல்லெண்ணத்தோடு நம்பி மறித்தவர் குற்றவாளி ஆகமாட்டார். பொதுவழிக்கு அந்த விலக்கு இல்லை. காவல் நிலையத்தில் 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பும்போது எடுத்துக்காட்ட வேண்டிய வேறுபாடு இது. ஜேசிபி வைத்துப் பாதையை வெட்டிப் போக முடியாதபடி ஆக்கினால் 326-ஆம் பிரிவின் கீழ் ஐந்து ஆண்டு வரை சிறை. நடுவரின் ஆணையை மீறினால் 223-ஆம் பிரிவு. ஆறு மாதம் வரை வெறுங்காவல் அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், மீறலால் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வந்தால் ஓராண்டும் 5,000 ரூபாயும் வரை போகும்.

நடப்பவருக்கும் கடமை உண்டு. வேலியைத் தானே அறுத்து எறிந்தால் வழக்கு இவர் மேல் திரும்பிவிடும். பயிரை மிதித்து வேறு வழி போட்டாலும் அப்படித்தான். குற்றமுறு அத்துமீறலுக்கு, குற்றம் செய்யும் அல்லது நிலத்துக்காரரை மிரட்டும், அவமதிக்கும், தொல்லை தரும் எண்ணம் வேண்டும் என்கிறது அதே சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவு. நிரூபணமானால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழி தெரியாமல் வயலுக்குள் வந்த ஒருவர் அதில் சிக்கமாட்டார். 'வெளியே போ' என்ற பிறகும் வம்புக்கு நிற்பவர் சிக்குவார்.

யாரிடம் மனு கொடுப்பது என்பதிலும் நேரம் வீணாகும். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஊராட்சிச் சாலைகள் ஊராட்சியிடம் இருக்கின்றன, அவற்றைப் பராமரிப்பது அதன் கடமை. ஊராட்சியின் சாலைப் பதிவேட்டில் ஏறாத வண்டிப்பாதை வருவாய்த் துறையிடம். இரண்டு அலுவலகமும் ஒன்றை ஒன்று கைகாட்டும் என்பதால் ஒரே மனுவை இரண்டுக்கும் கொடுத்து இரண்டிலும் ஒப்புகை வாங்குங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கிராமம், புல எண், பதிவேட்டின்படி பரப்பும் அகலமும், தரையில் இருக்கும் அகலம், அடைத்த இடம், அடைத்த தேதி, கேட்கும் நடவடிக்கை இவ்வளவுதான். அ-பதிவேடு, புலப்படம், கோவிலோ மின்கம்பமோ தெரியும்படி எடுத்த படங்கள் இணைப்பு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளிலும், 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணிலும் பதிவு செய்தால் மனு எண் கிடைக்கும், பின்தொடர அது உதவும். பதில் வராவிட்டால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், காரணமில்லாமல் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம்.

இனி சேவையின் குறைகள். பெரிய குறை, வகைப்பாட்டை வைத்துத் தேட முடியாது. 'இந்தக் கிராமத்தில் இருக்கும் எல்லா வண்டிப்பாதைகளையும் காட்டு' என்று கேட்க வழியில்லை, ஒவ்வோர் எண்ணாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். தரவு உள்ளே இருக்கும்போதே இப்படி மறைந்து கிடப்பதுதான் வருத்தம். அடுத்தது, இன்றைய நிலையை மட்டுமே காட்டுகிறது. 1980-களில் முடிந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் எத்தனையோ பொதுநிலங்கள் தவறுதலாகத் தனியார் பெயரில் ஏறியிருக்கின்றன. இன்றைய பதிவேட்டில் பட்டா என்று இருப்பது அதற்கு முன் பாதையாக இருந்திருக்கலாம். அ-பதிவேட்டில் வரும் பழைய புல எண்ணைக் குறித்துக்கொண்டு, எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைத் தேடுவதுதான் அதற்கு வழி. சென்னையில் இருப்பவர்களுக்கு இது பெரிய அனுகூலம். ஜமீன், இனாம் கிராமங்களாக இருந்த ஊர்களில் இந்த வேலை இன்னும் முக்கியம்.

இங்கிலாந்தோடு ஒப்பிட்டால் நம் சேவையில் என்ன இல்லை என்பது துலங்கும். 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் பொது நடைபாதைகளின் அதிகாரபூர்வ வரைபடம் தயாரானது. அதில் ஏறிய பாதை உண்டா இல்லையா என்று யாரும் வாதாட முடியாது, அதுவே முடிவான சான்று. 1980-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டம் பாதையில் பொதுமக்களின் உரிமையைப் பாதுகாப்பதை உள்ளாட்சியின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. வயலுக்குக் குறுக்கே போகும் நடைபாதையை உழுதால் முதல் உழவுக்கு 14 நாள், அதன் பிறகான வேலைகளுக்கு 24 மணி நேரம், அதற்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்தில் பாதையை மீட்டுத் தர வேண்டும். வயலோரப் பாதையை உழவே கூடாது. ஆட்களைத் திருப்பி அனுப்பப் பொய் அறிவிப்புப் பலகை வைத்தாலும் குற்றம். நம் ஊரில் 'தனியார் நிலம், அத்துமீறினால் தண்டனை' என்ற பலகையை வண்டிப்பாதையில் நட்டால் அதற்கென்று தனித் தண்டனை இல்லை. நம்மிடமும் பதிவேடு இருக்கிறது, புலப்படம் இருக்கிறது. பாதைகளை மட்டும் தனி நிறத்தில் காட்டும் ஓர் அடுக்கைப் புவியியல் தகவல் அமைப்பு சேர்த்தாலே பாதிச் சண்டை குறையும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைவாசிகளுக்குத் தனியாகச் சில வார்த்தை. இரண்டு மதில்களுக்கு நடுவே கடலுக்குப் போகும் சந்துகளில் பல, பதிவேட்டில் பாதையாகவே இருக்கின்றன. கேட் போட்டு, காவலாளி வைத்து, 'உறுப்பினர்களுக்கு மட்டும்' என்று எழுதிவிட்டால் அது தனியார் வழி ஆகிவிடாது. சந்தின் எண்ணையும், இரண்டு பக்க மனைகளின் எண்களையும் எடுத்துப் பரப்பைக் கூட்டிப் பாருங்கள். மதில் கடல் பக்கம் நீண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அனுமதியின்றிப் போயிருந்தால் அது சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும். 2024 ஏப்ரல் முதல் அதன் 15-ஆம் பிரிவில் சிறைக்குப் பதில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டத்தொகை. மீனவர்கள் வலையும் படகும் கொண்டுபோகும் வழி இதில் அடிபடும்போது பிழைப்பே அடிபடுகிறது. அந்த மனுவில் குப்பத்தாரின் கையெழுத்து இருந்தால் வலு அதிகம்.

பாதை காப்புக்காட்டு எல்லையைத் தொட்டதும் இந்தப் பதிவேடுகளின் உதவி முடிந்துவிடும். அதற்குமேல் வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணித் தீவிபத்துக்குப் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை மாதிரியான இடங்களுக்கு வனத்துறையின் மலையேற்ற முன்பதிவுப் பக்கத்தில் பதிந்து, வழிகாட்டியோடு போவதுதான் சரி.

கடைசியாக அளவைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை. பட்டாதாரர் தன் நிலத்தை எல்லை அளக்கக் கேட்டு, கட்டணம் செலுத்தி, இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பாதைக்குப் பட்டாதாரர் இல்லை என்பதால் அதை அளக்கச் சொல்லித் தாசில்தாரிடம் மனு கொடுக்க வேண்டும். பாதையை ஒட்டிய நிலம் வைத்திருக்கும் ஒருவர் தன் எல்லையை அளக்க விண்ணப்பித்தால் பாதையின் ஒரு பக்கம் அதிலேயே தெளிவாகிவிடும், இது வேகமான வழி. அளக்கும் நாளில் இரண்டு பக்கப் பட்டாதாரர்களுக்கும் அறிவிப்பு போயிருக்க வேண்டும். போகாவிட்டால் அளவையை எதிர்ப்பவருக்கு அதுவே காரணமாகிவிடும். சர்வேயர் வருவதற்கு முன் பழைய எல்லைக் கற்கள் எங்கே இருக்கின்றன என்று புதரை வெட்டித் தேடி வையுங்கள். மூன்று எல்லைகள் சேரும் இடத்து முச்சந்திக் கல் ஒன்று கிடைத்தாலே வேலை பாதியாகக் குறையும். கற்களைப் பராமரிப்பது 1923-ஆம் ஆண்டு அளவை மற்றும் எல்லைச் சட்டத்தின்படி பட்டாதாரரின் கடமை. அரசு நட்ட கல்லை அழித்தாலோ நகர்த்தினாலோ நியாய சன்ஹிதாவின் 326-ஆம் பிரிவின் கீழ் ஓராண்டு வரை சிறை. அளந்து முடிந்ததும் புதிய கற்கள் நட்ட இடங்களைப் படம் எடுத்து, சர்வேயர் கையெழுத்திட்ட வரைபட நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஊராட்சிச் செயலரிடமும் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள்.